காத்திருக்கச் சொன்னவள்

திண்டுக்கல்
18.10.2020

அன்புள்ள டெய்சி அக்காவுக்கு,

உன் தங்கை மரியசெல்வி எழுதுவது. மாதாவின் கிருபையால் நீயும் மடத்துச் சகோதரிகள் எல்லாரும் சுகமாய் இருக்க வேண்டும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த வருடத்தில் அதுவே பெரிய சுகம்.

பிரான்சிஸை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கொரோனா போய்விட்டது, நுரையீரலில் அது போட்ட தழும்பு போகவில்லை என்றார் டாக்டர். மூக்கில் குழாய் மாட்டியபடியே படுத்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ராவும் பகலும் ஓடுகிறது. பி.டி. மாஸ்டராக நின்று இவர் கிரவுண்டின் இந்தக் கோடியில் விசில் அடித்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளைகள் நிற்பார்கள். இன்று "தண்ணி குடு" என்று சொல்வதற்குள் நடுவில் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

மிஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் மாற்றிவிட ஒரு சிலிண்டர் கொடுத்திருக்கிறார்கள். அது அரை நாள் தாங்கினால் அதிகம். மழைக்காலம் வந்துவிட்டது. கஜா புயலின்போது நாங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை உனக்கு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் இவர் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். கோடையில் நம் பிராங்கிளின் கோழிப் பண்ணைக்கு வேண்டும் என்று அதைச் சேவுகம்பட்டிக்கு எடுத்துப் போனான். நேற்று போன் செய்து கேட்டேன். அடுத்த வாரம் அவனே வண்டியில் கொண்டுவந்து இறக்குவதாகச் சொன்னான். தம்பி சொன்னால் செய்வான்.

உன்னோடு போனில் பேச முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெளியே காலெடுத்து வைக்காத உங்கள் அடைப்பு மடத்தில் சாவுச் செய்திக்குத்தான் போனுக்குக் கூப்பிடுவார்கள். அந்தச் செய்தி வராமலே போகட்டும். நாம் காகிதத்திலேயே பேசிக்கொள்வோம். மற்றவர்களுக்கு நீ சகோதரி அமலி. எனக்கு எப்போதும் டெய்சி அக்காதான்.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
செல்வி

*

25.10.2020

அன்புத் தங்கை செல்விக்கு,

ஆண்டவரின் இரக்கம் உன் வீட்டைச் சூழ்ந்து நிற்கட்டும். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிரான்சிஸ் தம்பிக்காக இங்கே எல்லாரும் ஜெபமாலை சொல்கிறோம்.

இங்கேயும் நோய் சுவரேறி வந்துவிட்டது. பெரிய மதருக்குக் காய்ச்சல். எண்பது வயதைக் கடந்தவர். நான் இங்கே வந்த புதிதில், வீட்டை நினைத்து அழுதுகொண்டு ஓடிப் போகப் பார்த்தபோது, கையைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர்தான். அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து தபால், வீட்டு நிர்வாகம் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. அவருக்காகவும் வேண்டிக்கொள்.

நீ எழுதிய ஜெனரேட்டர் எது? பச்சை நிறத்தில் இருக்குமா? அதில் ஏதாவது அடையாளம் உண்டா? பிராங்கிளின் அதை எப்போது உங்களிடம் வாங்கிப் போனான்? எழுது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இயேசுவில் உன் அக்கா,
டெய்சி

*

திண்டுக்கல்
2.11.2020

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமும் மதருடைய நலமும் அறிய ஆவல். அவருக்காக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஆமாம், பச்சை நிறம்தான். இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிற்றில் பிடி உடைந்து போனதால், இவர் தன் பழைய விசில் கயிறு ஒன்றை, நீலமும் மஞ்சளும் முறுக்கியது, அதில் கட்டி வைத்திருந்தார். ஏப்ரலில் வாங்கிப் போனான். அடையாளம் எதற்குக் கேட்டாய்? பண்ணையில் போய் யாரையாவது பார்த்துவரச் சொல்லப் போகிறாயா?

பிராங்கிளின் இன்னும் வரவில்லை. முதலில் வண்டி கிடைக்கவில்லை என்றான். பிறகு கார்புரேட்டர் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். இப்போது என் நம்பரைப் பார்த்தால் அவன் பெண்டாட்டி எடுத்து, அவர் தோட்டத்தில் இருக்கார் என்கிறாள். ஜெனரேட்டர் விற்ற மைதீன் பிச்சையிடம் வாடகைக்காவது கேட்கலாம் என்று போனால், வீட்டோடு எல்லாருக்கும் காய்ச்சல் என்று தெருவையே தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். மற்ற கடைகளில் மழைக்காலம் தொடங்கியதுமே இருந்ததெல்லாம் விற்றுப் போய்விட்டதாம்.

நான் சும்மா இருக்கவில்லை. டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். எமர்ஜென்சி லைட், டார்ச்சுக்கு பாட்டரி, அரிசி, பருப்பு, இவருடைய மாத்திரை எல்லாம் சேர்த்தாயிற்று. இவரோ படுக்கையிலும் டிரில் மாஸ்டர்தான். "கரண்ட் போயிருச்சு" என்று திடீரென்று சொல்வார். நான் கண்ணை மூடிக்கொண்டே ஓடி வந்து குழாயை மாற்றி சிலிண்டர் வால்வைத் திறக்க வேண்டும். இருட்டில் தடுமாறக் கூடாதாம். நேற்று நான் வேகமாகச் செய்ததும் கட்டைவிரலை உயர்த்தினார். சமையற்கட்டில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தம்பிக்கு நீயும் ஒரு வார்த்தை எழுதேன். உனக்குப் பயப்படுவான்.

அன்புடன்,
செல்வி

*

11.11.2020

அன்புள்ள செல்விக்கு,

இறை அமைதி உன்னோடு இருப்பதாக. மதருக்கு மூச்சு சிரமமாகி, புண்ணியவான் ஒருவர் ஆக்சிஜன் மிஷின் தந்து உதவியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, இடமில்லை. நாங்கள் முறைவைத்துக் கண்விழிக்கிறோம். மலையடிவாரம் என்பதால் கரண்ட் அடிக்கடி போகிறது. ஆனாலும் அவருக்கு ஒரு குறை வராமல் ஆண்டவர் காப்பாற்றுகிறார்.

பிராங்கிளினை ரொம்ப நெருக்காதே. அவனுக்கும் அவன் பாடு. பொறுமையாய் இரு.

பிரான்சிஸ் தம்பிக்கு என் ஆசீர்.

அக்கா

*

திண்டுக்கல்
19.11.2020

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத நேரமில்லை, மன்னித்துக்கொள். வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் வரும் என்கிறார்கள். தென் மாவட்டங்கள் வழியாகவும் வரலாமாம்.

பக்கத்து வீட்டு நசீம் பானுவின் கணவர் நூர் அகமது, தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேனேஜர் என்று எழுதியிருக்கிறேனே, அவர் நேற்று வாசலில் நின்று பேசினார். வேலை இல்லாமல் ஷாப் பூட்டிக் கிடக்கிறது, அங்கே பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, ஆபீஸ் ரூமில் கட்டிலைப் போட்டு மாஸ்டரை மழைக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிடுங்கள் என்றார். முதலாளியிடமும் கேட்டுவிட்டாராம். இந்தக் கொரோனா நேரத்தில் சொந்தக்காரர்கள் தெரு முனையில் நின்று கைகாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர் வாசலுக்கே வந்து இப்படிச் சொல்கிறார்.

ஆனால் தோல் ஷாப்பின் வாடையும் சுண்ணாம்பும் இவர் நுரையீரலுக்கு ஆகுமா என்று பயமாக இருக்கிறது. வீட்டிலேயே ஜெனரேட்டர் வந்துவிட்டால் அலைக்கழிக்க வேண்டாம். அதனால் உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிராங்கிளின் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, உனக்குக் கட்டாயம் பதில் எழுதியிருப்பான். கொண்டுவருவானா, மாட்டானா? மாட்டான் என்றால் மாட்டான் என்று எழுது. நான் இவரை இப்போதே ஷாப்புக்குக் கொண்டுபோய்விடுவேன். நூர் பாயிடம் உன் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உடனே எழுது அக்கா.

செல்வி

*

26.11.2020

அன்புள்ள செல்விக்கு,

கலங்காதே. இந்த நிலையில் பிரான்சிஸ் தம்பியை எங்கும் தூக்கிக்கொண்டு அலையாதே. வீட்டிலேயே இருங்கள். உதவி உன் வாசலுக்கு வரும், நம்பிக்கையோடு காத்திரு.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு முடியும்வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஜெபத்தில் உன்னோடு இருப்பேன்.

அக்கா

*

திண்டுக்கல்
14.12.2020

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுத முடியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. இவர் உயிரோடு இருக்கிறார், முதலில் அதைத் தெரிந்துகொள்.

நீ சொன்னபடி காத்திருந்தேன். நூர் பாயிடம், தம்பி கொண்டுவருகிறான், அக்காவே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, ஷாப் வேண்டாம் என்றுவிட்டேன். புயல் வந்த அன்று காலையிலிருந்தே மழை. மத்தியானம் காற்று திரும்பியது. எதிர் வீட்டு வேப்பமரம் கம்பத்தோடு சாய்ந்தது, மிஷின் நின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் நின்றதும் விழுந்த அமைதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பழகினபடியே சிலிண்டருக்கு மாற்றினேன். கை தவறவில்லை.

பிராங்கிளினுக்கு அடித்தேன், அடித்தேன், பிறகு டவரும் போய்விட்டது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். அவன் வருவான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அளவைக் குறைத்து வை, நாளைக்கும் வேண்டும் என்று இவரே சைகை காட்டினார். குறைத்தேன். பொழுது இறங்கும்போது உதடு நீலம் பாரித்துவிட்டது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது.

மதில் மேல் ஏறி நசீம் பானுவைக் கூப்பிட்டேன். நூர் பாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "அம்மா, பேசாம சிலிண்டரப் பிடிச்சுக்கிட்டு கூட வாங்க" என்றார். தெருவில் ஆட்டோ நுழைய வழியில்லை. ஷாப்பில் தோல் ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அதன்மேல் மெத்தையைப் போட்டு, தார்ப்பாய் மூடி, அவரும் ஷாப் வாட்ச்மேனும் தள்ளினார்கள். விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் வண்டியோடு தூக்கிக் கடத்தினார்கள். முழங்கால் தண்ணீர். நான் சிலிண்டரை அணைத்துக்கொண்டு, அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் பயந்துகொண்டு நடந்தேன். ஷாப் வாசலை அடையும்போது முள் அடியில் கிடந்தது.

ஊருக்குக் கரண்ட் வரும்வரை அந்த ஆபீஸ் ரூமில்தான் இருந்தோம். சுவரெல்லாம் தோல் வாடை. நசீம் பானு கஞ்சியும் வெஞ்சனமும் கொடுத்துவிட்டாள். இவர் பிழைத்துவிட்டார். ஆனால் முன்பு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர் இப்போது உட்காருவதில்லை. யோசித்து யோசித்துப் பேசுகிறார். சில சமயம் என் பெயரைத் தேடுகிறார். மூளைக்குக் காற்று குறைந்ததால் இருக்கலாம், சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

முன்னமே கொண்டுபோயிருந்தால் இதெல்லாம் இல்லை. பிராங்கிளினை நம்பின என்னைத்தான் அடிக்க வேண்டும். அவன் ஏன் இப்படிச் செய்தான் அக்கா? உனக்காவது தெரியுமா?

செல்வி

*

திண்டுக்கல்
23.12.2020

அக்காவுக்கு,

மைதீன் பிச்சை குணமாகிவிட்டார். நடந்ததைக் கேள்விப்பட்டு நேற்று இவரைப் பார்க்க வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெனரேட்டரத் தானமாக் குடுத்துட்டு நீங்க இம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கீகளேம்மா."

என்ன தானம் என்றேன்.

"உங்க அக்கா சிஸ்டர் இருக்காகல்ல, அந்த மடத்துலதான ஓடுது? எனக்குக் காச்ச வர்றதுக்கு முன்னால, பெரியம்மாவுக்கு ஆக்சிஜன் வைக்கப் போறோம், ஜெனரேட்டரச் சரிபண்ணிக் குடுங்கன்னு ஆள் விட்டாக. நாந்தான் போய் ஆயில் மாத்துனேன். கயித்துல மாஸ்டரோட விசில் கயிறு கெடந்துச்சு. இது மாஸ்டர் மிஷினுல்லன்னு கேட்டேன். உங்க அக்கா சிஸ்டருதான் கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு, ஆமான்னாக. அவுகளும் தெரிஞ்சுதான் வச்சிருக்காகன்னு நெனச்சேன்."

அவர் போனபிறகு உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பச்சை நிறமா என்று கேட்டிருக்கிறாய். அடையாளம் கேட்டிருக்கிறாய். நான் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு நீ அந்த மிஷினைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

கொண்டுவருவானா மாட்டானா என்று கேட்டேனே. அப்போது அது எங்கே ஓடிக்கொண்டிருந்தது?

மரியசெல்வி

*

4.1.2021

என் செல்விக்கு,

உனக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஜூன் மாதம் பிராங்கிளின் அதைக் கொண்டுவந்து இறக்கினான். பண்ணையை மூடிவிட்டேன், மடத்துக்கு என் காணிக்கை என்றான். அவனுடையது என்றே நினைத்தேன். மதர் அவனை ஆசீர்வதித்து அனுப்பினார். உன் அக்டோபர் கடிதம் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ஆயில் மாற்ற வந்த மைதீன் பிச்சை மாஸ்டர் மிஷினா என்று கேட்டபோது, அப்படித்தான் இருக்கும் என்று ஆமாம் சொல்லிவிட்டேன். அடுத்த கடிதம் வந்ததும் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். நீலமும் மஞ்சளுமாய் அந்தக் கயிறு இருந்தது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மதரின் கட்டில் வரைக்கும் போனேன். சொல்லியிருந்தால் அந்த நேரமே அதை ஏற்றி அனுப்பச் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்தே சொல்லவில்லை. பிராங்கிளினுக்கு எழுதினேன், வேறொன்று வாங்கி உனக்குக் கொடுத்துவிடு என்று. சரி என்று பதில் போட்டான். அதை நம்பியே உதவி வரும் என்று எழுதினேன். அவன் செய்ய மாட்டான் என்று உள்ளுக்குள் தெரியும். நீ ஊருக்கு நடுவில் இருக்கிறாய், அக்கம்பக்கம் உண்டு, யாராவது கை கொடுப்பார்கள், எங்களுக்குச் சுவரைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷாப்புக்குப் போ என்று எழுதியிருக்கலாம். எழுதினால் மிஷின் ஏன் வராது என்று நீ கேட்பாய். அதனால் காத்திருக்கச் சொன்னேன்.

மதர் பிழைத்துவிட்டார். நேற்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அதை அனுப்பிவிடு என்றார். வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பிரான்சிஸ் தம்பியின் காலைப் பிடித்துக்கொள்கிறேன். உன்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

டெய்சி

*

திண்டுக்கல்
19.1.2021

சகோதரி அமலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வண்டியும் வந்தது.

அதற்கு முன்னால் பிராங்கிளின் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குச் சிறுமலைப் பழத்தார் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "சும்மாதானக்கா கெடந்துச்சு, மச்சான் கேக்க மாட்டாருன்னு நெனச்சேன்" என்றான். இவர் அவன் யாரென்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

வண்டியோட்டி வந்த மோகன்குமார் ஜெனரேட்டரை இறக்கப் போனார். பெரிய மதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இன்னும் குழாயிலதாங்க இருக்காக. கரண்டு போச்சுன்னா என்ன செய்யிறதுன்னு சிஸ்டர்மாரு பேசிக்கிட்டிருந்தாக" என்றார். இறக்க வேண்டாம் என்றேன். மைதீன் பிச்சை எங்களுக்கு வேறொன்று கொண்டுவந்து போட்டிருக்கிறார். அவர் கொண்டுவராமல் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. காற்று நின்றால் ஒரு உயிருக்கு எப்படி இருக்கும் என்று நான் இவரிடம் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டே அதை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதரிடம் இதைச் சொல்லுங்கள், மாஸ்டர் வீட்டிலிருந்து கொடுத்தது என்று. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் மிஷினை வைத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் நான் மறந்துவிடலாம். மதரின் நிலையை எழுதிக் கேட்டிருந்தால், அழுதுகொண்டாவது, வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டு இவரை ஷாப்புக்குக் கொண்டுபோயிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. எனக்கு யாராவது கை கொடுப்பார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு, கொடுத்த கையையும் தட்டிவிட வைத்தீர்கள். புயல் அன்று நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் ஓடியது தம்பியை நம்பி இல்லை. உங்கள் எழுத்தை நம்பி.

இவருக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதி புரிந்ததா, முழுவதும் புரிந்ததா, தெரியவில்லை. நெடுநேரம் கழித்து, மன்னிச்சாச்சுன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது.

தவக்காலம் வரப்போகிறது, நீங்கள் கடிதம் எழுத மாட்டீர்கள். அது முடிந்தபிறகும் எழுத வேண்டாம்.

மரியசெல்வி பிரான்சிஸ்